புல்லட் ரயில் யாருக்கு லாபம்?

போக்குவரத்துத் திட்டங்களுக்குச் செலவு-பலன் கணக்குப் போடுவது என் பிழைப்பு. அதனால் "புல்லட் ரயில் விட்டால் போட்ட காசு திரும்புமா?" என்று யாராவது கேட்டால், யாருக்குத் திரும்ப வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். ரயிலை நடத்தும் கம்பெனியின் கணக்கு வேறு, நாட்டின் கணக்கு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சண்டை.

தைவானைப் பாருங்கள். தனியார் கம்பெனி கட்டி, 2007 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ரயில் அது. தைபேயிலிருந்து தெற்குக் கோடியில் இருக்கும் காவ்சியுங்குக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம், 2012ல் அந்த ஊர்களுக்கு இடையிலான விமான சேவையே நின்றுபோனது. ஆனாலும் ஏறிய பயணிகள் முன்பு கணித்ததைவிட ரொம்பக் குறைவு. வட்டியும் தேய்மானமும் கழுத்தை நெரிக்க, 2015ல் அரசு பணம் போட்டு, ரயிலை நடத்தும் 35 வருட உரிமத்தை 70 ஆக நீட்டித்துத்தான் கம்பெனியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பயணிக்கு நல்ல ரயில், முதல் போட்டவருக்குத் தலைவலி.

பலன் பக்கத்தில் பெரிய தொகை, மிச்சமாகும் நேரம். அதை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எண்ணக் கூடாது, வீட்டு வாசலிலிருந்து எண்ண வேண்டும். அதே தைவானில் தைனான் என்ற நகரத்தின் அதிவேக ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, பழைய ரயில் நிலையத்தோடு சேர்க்கும் கிளைப்பாதை வந்ததே 2011ல்தான்.

அப்புறம் தள்ளுபடி விகிதம், அதாவது பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வருடா வருடம் குறைக்கும் சதவீதம். 30 வருடம் கழித்து வரும் 100 ரூபாய் பலனுக்கு, 4% போட்டால் இன்றைய மதிப்பு சுமார் 31 ரூபாய். 8% என்றால் வெறும் 10. எக்செல்லில் ஒரே ஒரு கட்டத்தை மாற்றினால் போதும், திட்டம் பாஸ் அல்லது ஃபெயில்.

நம் மும்பை–அகமதாபாத் பாதை 508 கிலோமீட்டர், முதல் மதிப்பீடு சுமார் 1.08 லட்சம் கோடி ரூபாய். அதில் 81% ஜப்பான் கடன், 0.1% வட்டி, 50 வருடத் தவணை. கிட்டத்தட்ட இனாம் என்கிறார்கள். கடன் மலிவு என்பதற்காகச் சிமென்டும் எஃகும் நிலமும் குறைவாகத் தேவைப்படப் போவதில்லையே! கடனும் யென்னில், 50 வருடத்தில் யென் ஏறினால் சுமை ரூபாய்க்குத்தான். 2017ல் அடிக்கல் நாட்டியபோது 2022லேயே ஓட்டிவிடலாம் என்று பேசினார்கள், நடக்கவில்லை. அதே 8%ல் பார்த்தால், ஒரு வருடம் தள்ளிப்போனாலே பலனில் நூற்றுக்கு ஏழு ரூபாய்க்கு மேல் கழிந்துவிடும், விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்காமலேயே.