காய்ந்த தட்டை விடும் மூச்சு

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் தோண்டிய சிறு குளத்தின் ஓரத்தில் அழகுக்காக, கோரை போல நீரோரத்தில் உயர்ந்து வளரும் சம்புச் செடியில் இரண்டு தூர்களை நட்டாராம். சில ஆண்டுகளில் பாதிக் குளத்தைச் சம்பு பிடித்துக்கொண்டது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன், நீர் வற்றிக் கிடந்தபோது அரிவாளோடு இறங்கி ஒரு பக்கத்தை அடியொட்ட அறுத்தார். மறுபக்கம் வந்தபோது இடுப்பு வலி; முழங்கால் உயரத்துக்குத் தட்டையை விட்டுவிட்டார். மழை வந்து குளம் நிரம்பியது. தட்டை விட்ட பக்கம் தழைத்தது, ஒட்ட அறுத்த பக்கம் அழுகிப்போனது. “கண் பட்டுவிட்டது என்கிறார் மாமியார். அப்படியா?”

கண் பட்டால் பாதிக் குளத்தில் மட்டுமா படும்?

சம்பு பரவும் விதம் தெரிந்ததுதான்: ஒரு கதிரில் லட்சத்தைத் தொடும் விதைகள், சேற்றுக்குள் ஊர்ந்துபோகும் கிழங்குத் தண்டு. சிமெண்டுத் தொட்டியில் நட்டுக் குளத்துக்குள் இறக்கியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

ஆனால் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே கிடக்கும் தண்டு எதைச் சுவாசிக்கிறது? ஒரு சம்பு இலையைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். தேனடை போல அறை அறையாகக் காற்று. அந்தக் காற்று சும்மா நிற்பதில்லை. இலைக்குள் எப்போதும் ஈரம். நீராவி இடத்தைப் பிடித்துக்கொள்வதால், ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ளே பங்கு குறைவு. எனவே வெளியிலிருந்து அவை நுண்துளைகள் வழியே உள்ளே பரவுகின்றன. நீராவி வெளியே கசிந்தாலும், ஈரச் சுவர்கள் அந்த இழப்பை உடனே ஈடுகட்டிவிடுகின்றன. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது, ஆனால் அது போதும். வந்த வழியே பாய்ந்து திரும்பத் துளைகள் இடம் கொடுக்காத அளவுக்கு நுண்ணியவை. அகலமான வழி கீழே இருக்கிறது: இலையடி, தண்டு, சேற்றுக் கிழங்கு. அங்கிருந்து, முறிந்த பழைய இலைகளும் காய்ந்த தட்டைகளும் புகைபோக்கியாகி, காற்று மேலே வெளியேறுகிறது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. வெயிலும் ஈரமும் மட்டும்.

தாமரையிலும் இதுவே நடக்கிறது, அங்கே கண்ணாலேயே பார்க்கலாம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்த சுசீந்திரம் தேரூர்க் குளங்களில், நல்ல வெயிலில் ஒரு தாமரை இலையின் நடுவில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கட்டும். அதற்குள்ளிருந்து குமிழிகள் கிளம்பும். இலை ஓட்டை என்று நினைத்து நான் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். ஓட்டை இல்லை, நடுவட்டத்தில் இருக்கும் பெரிய துளைகள் வழியாக இலை மூச்சு விடுகிறது.

குளத்தில் பொக்லைன் இறக்கப் பணம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. இந்த மூச்சை அளக்க வரும் மாணவருக்கு ஓர் அழுத்தமானி வாங்கித் தரத்தான் ஆளில்லை.

இனி அந்த வாசகியின் குளம். ஒட்ட அறுத்த தட்டைகள் நீரில் மூழ்கின, காற்றுவழி அடைபட்டது. கிழங்கு ஆக்சிஜன் இன்றிச் சேமித்த மாவுச்சத்தை நொதிக்கவைத்துக் கொஞ்சநாள் தாக்குப்பிடித்தது, பிறகு அழுகியது. மறுபக்கத்துக் காய்ந்த தட்டைகளோ நீருக்கு மேல் நாலு விரல் நீட்டிக்கொண்டிருந்தன.

மிச்சத்தையும் ஒழிக்க வேண்டுமானால் குளம் நிறைந்திருக்கும்போதே இறங்கி, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அறுங்கள். பச்சையை மட்டும் அறுத்துவிட்டு, செத்ததுதானே என்று காய்ந்த தட்டைகளை விட்டுவிடாதீர்கள்.