மிட்டாய்க்கு இருபது வருஷமா?

"மிட்டாய்க்கு இருபது வருஷமா, வக்கீலம்மா?"

ஒரு பையனின் அப்பா திருப்பூரிலிருந்து ஃபோனில் இதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் ஒவ்வொரு முறையும் "அதிகபட்சமாக" என்று சேர்த்தேன். அந்தச் சொல் அவர் காதில் ஏறவே இல்லை. மகன் டெக்சாஸில் ஒரு கவுண்டி சிறையில் இருக்கிறான் என்று தெரிந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. வேறு எது காதில் ஏறும்?

டாலஸ் பக்கம் குற்ற வழக்குகள் பார்க்கிறேன். வருகிறவர்களில் நம்மவர்கள் கணிசம். எம்.எஸ். படிக்கிற பிள்ளைகள், எச்1பி-யில் இருக்கும் ஐடிக்காரர்கள், சில சமயம் கிரீன் கார்டு வாங்கிப் பதினைந்து வருடமான குடும்பஸ்தர்கள். இந்தப் பையனின் கதையை அவன் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன்.

நண்பர்கள் நான்கு பேர் விடுமுறைக்கு டென்வர் போயிருக்கிறார்கள். கொலராடோவில் 2012-இல் மக்களே ஓட்டுப் போட்டு, 21 வயது நிரம்பியவர்கள் கஞ்சா வைத்துக்கொள்வதைச் சட்டபூர்வமாக்கிவிட்டார்கள். 2014 ஜனவரி முதல் கடையில் விற்கிறார்கள். உள்ளே போனால் நகைக்கடை மாதிரி இருக்கும். அடையாள அட்டை பார்ப்பார்கள், பில் போடுவார்கள். பையன் கஞ்சாச் சத்து கலந்த கம்மி மிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கினான். பாக்கெட்டுக்குப் பத்து மிட்டாய். ஒன்று முழுசாக இருந்தது, இன்னொன்றில் நான்கைத் தின்றுவிட்டார்கள்.

திரும்பும்போது 287-ஆம் நெடுஞ்சாலை. டெக்சாஸுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்தில், வேகத்துக்காகப் போலீஸ் நிறுத்தியது. லைசென்ஸ் வாங்கிக்கொண்டே, "வண்டியில் எனக்குத் தெரியவேண்டியது ஏதாவது இருக்கிறதா?" என்று சாவகாசமாகக் கேட்டிருக்கிறார் அதிகாரி. பையன் நல்ல பையன். பெரியவர்கள் கேட்டால் உண்மையைச் சொல்லி வளர்ந்தவன். "இருக்கு சார், ஆனா லீகல்தான், பில்கூட இருக்கு" என்று டேஷ்போர்டைத் திறந்து கொடுத்துவிட்டான்.

அந்த பில் இப்போது என் ஃபைலில் நகலாக இருக்கிறது. தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்துத்தான் அதைப் பத்திரமாக வைத்திருந்தான். என்ன பொருள், யார் வாங்கியது, எங்கிருந்து வந்தது என்று அரசுத் தரப்பு மெனக்கெட்டு நிரூபிக்க வேண்டிய எல்லாம் அந்தத் துண்டுக் காகிதத்தில் அச்சடித்து இருந்தது. தெரியாமல் வைத்திருந்தேன் என்று சொல்ல வழியே இல்லை.

இனி எடைக்கு வருவோம். பலருக்கும் தெரியாத இடம் இதுதான்.

டெக்சாஸில் கஞ்சா இலை, பூ ஒரு கணக்கு. அதிலிருந்து பிரித்தெடுத்த டிஎச்சி, அதாவது போதை தரும் சத்து, வேறு கணக்கு. கம்மி, சாக்லேட், மின் சிகரெட்டில் (வேப்) ஊற்றும் எண்ணெய் எல்லாம் இரண்டாவதில்தான் வரும். கொலராடோ விதிப்படி ஒரு மிட்டாயில் 10 மில்லிகிராம் டிஎச்சி-க்கு மேல் இருக்கக்கூடாது. பிடிபட்ட பதினாறு மிட்டாயிலும் சேர்த்து 160 மில்லிகிராம், ஒரு கிராமில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தராசில் ஏறுவது அது மட்டும் இல்லை. டெக்சாஸ் சட்டம் கலந்திருக்கும் பொருளையும் சேர்த்தே எடை போடச் சொல்கிறது. சர்க்கரை, ஜெலட்டின், கலர், எசன்ஸ் எல்லாம் போதைப்பொருள் கணக்கில் ஏறும். ஒரு மிட்டாய் நான்கு கிராம் என்றால் பதினாறு மிட்டாய் 64 கிராம். நான்கு கிராமிலிருந்து 400 கிராம் வரை இரண்டாம் நிலை ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். இரண்டு முதல் இருபது ஆண்டு சிறை, பத்தாயிரம் டாலர் வரை அபராதம். அப்பா கேட்ட இருபது வருஷம் இங்கிருந்து வந்ததுதான்.

அதே 64 கிராம் காய்ந்த இலையாக இருந்திருந்தால்? இரண்டு அவுன்ஸுக்குள், அதாவது சுமார் 56 கிராமுக்குள் இருந்தால் கிளாஸ் பி மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம்: 180 நாள் வரை சிறை, 2000 டாலர் வரை அபராதம். அதைத் தாண்டினால் நான்கு அவுன்ஸ் வரை கிளாஸ் ஏ: ஓராண்டு, 4000 டாலர். நான்கு அவுன்ஸுக்கு மேல் போனால்தான் ஃபெலனியே தொடங்கும். ஆக, பை நிறைய இலை வைத்திருப்பவன் சிறு குற்றவாளி, ஒரே ஒரு மிட்டாய் வைத்திருப்பவன் ஃபெலனிக்காரன். எனக்கு இதில் எந்த நியாயமும் தெரியவில்லை. ஆனால் நீதிபதியிடம் சட்டத்தின் அபத்தத்தைப் பேசி வழக்கை ஜெயிக்க முடியாது.

அப்பா ஊர்க் கணக்கும் போட்டுப் பார்த்தார். "நம்ம ஊர்ல ஒரு கிலோ வரைக்கும் சின்ன கேஸ்னு சொல்றாங்களேம்மா." உண்மைதான். இந்தியச் சட்டத்தில் ஒரு கிலோ வரை கஞ்சா 'சிறு அளவு', தண்டனை அதிகபட்சம் ஓராண்டு. அதை வைத்து இங்கே யாரும் எடை போடப் போவதில்லை.

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் 2021-இலிருந்து ஆறு அவுன்ஸ் வரை வைத்திருக்கலாம். ஆனால் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கஞ்சாச் செடி வளர்த்தால் அது மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை போகக்கூடிய குற்றம். இல்லினாயில் உள்ளூர்க்காரருக்கு 30 கிராம், வெளி மாநிலத்தவருக்கு அதில் பாதி. ஜார்ஜியாவில் ஓர் அவுன்ஸைத் தாண்டினாலே ஃபெலனி. அட்லாண்டா நகரம் 2017-இல் சிறு அளவுக்கு 75 டாலர் அபராதம் போதும் என்று தீர்மானம் போட்டது, ஆனால் மாநிலச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. நகர எல்லையைத் தாண்டிய மறு நிமிடம் அந்த 75 டாலர் கதை செல்லாது. டாலஸ் வாக்காளர்களும் 2024 நவம்பரில் அப்படி ஒன்றுக்கு ஓட்டுப் போட்டார்கள். உடனே மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். எப்படி முடிந்தாலும் ஃபிரிஸ்கோவிலும் பிளேனோவிலும் இருக்கிற நம் ஆட்களுக்கு அது பொருந்தாது, அவை தனி நகரங்கள்.

சரி, இதெல்லாம் குடிமக்களுக்கான தலைவலி. விசாவில் இருப்பவருக்குக் கூடுதலாக ஒன்று இருக்கிறது.

விசா, கிரீன் கார்டு, குடியுரிமை மூன்றும் மத்திய அரசின் கையில். 1970-இல் வந்த மத்தியச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்தது. பட்டியலை மாற்றுவது பற்றி அவ்வப்போது செய்தி வரும், நம் வாட்ஸாப் குழுவில் யாராவது பட்டாசு வெடிப்பார்கள். வேறு பட்டியலுக்குப் போனாலும் அது 'கட்டுப்படுத்தப்பட்ட பொருள்' என்ற வரையறைக்குள்தான் இருக்கும், குடியேற்றச் சட்டம் பார்ப்பது அந்த வரையறையைத்தான். கொலராடோவில் பில் போட்டு வாங்கித் தின்றதும் அந்தக் கண்ணுக்குக் குற்றமே. எல்லையில் அதிகாரி கேட்டு, "ஆமாம், அங்கே லீகல்தானே" என்று குற்றத்தின் கூறுகளை ஒப்புக்கொண்டால் போதும், தண்டனை பெறாதவரையும் உள்ளே விட மறுக்கலாம். 2019 ஏப்ரலில் குடியுரிமைத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போனது. மாநிலம் அனுமதித்த கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பதே குடியுரிமைக்கான 'நன்னடத்தை'க்குக் குறுக்கே நிற்கலாம் என்றது. ஒரு கடைக்குக் கணக்கு எழுதித் தரலாமா என்று ஓர் அம்மா கேட்டார். சிட்டிசன் ஆகும்வரை வேண்டாம் என்றேன்.

நாடு கடத்தும் பிரிவில் ஒரே ஒரு விலக்கு உண்டு: சொந்த உபயோகத்துக்கு 30 கிராம் வரை கஞ்சா, அதுவும் ஒரே ஒரு முறை. 2022 அக்டோபரில் அதிபர் பைடன் தந்த மன்னிப்பைப் பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். அது மத்திய வழக்குகளுக்கும் வாஷிங்டன் டிசி வழக்குகளுக்கும் மட்டும், அதிலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் மட்டும். எஃப்1 மாணவர் விசா, எச்1பி வேலை விசா அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். முதல் வழக்கு என்றால் டெக்சாஸில் பெரும்பாலும் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். 'டிஃபர்டு அட்ஜூடிகேஷன்' என்று ஒன்று தருவார்கள். குற்றத்தை ஒப்புக்கொள், கண்காணிப்புக் காலத்தை ஒழுங்காக முடி, தீர்ப்பே எழுதாமல் வழக்கைத் தள்ளிவிடுகிறோம் என்பார்கள். கேட்க இனிக்கும். டெக்சாஸ் கணக்கில் அது தண்டனையே இல்லை. ஆனால் 1996-இலிருந்து குடியேற்றச் சட்டத்தில் ஒப்புதலும் ஏதாவது ஒரு கட்டுப்பாடும் சேர்ந்தாலே 'கன்விக்ஷன்', அதாவது குற்றவாளி என்று தீர்ப்பானதாகவே கணக்கு. வழக்கு தள்ளுபடியாகி வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தவரை, இரண்டு வருடம் கழித்து விமான நிலையத்தில் தனி அறைக்குக் கூப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் இதைச் சொல்லியே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் பாடில்லா வழக்கில் தீர்ப்பளித்தது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர் அந்தப் பாடில்லா. நாற்பது வருடம் இங்கே சட்டப்படி வாழ்ந்தவர். இவ்வளவு காலம் இருந்தவரை அனுப்ப மாட்டார்கள் என்று அவருடைய வக்கீலே சொல்லியிருந்தார். குற்ற வக்கீலை வைக்கும்போதே, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன், குடியேற்ற வக்கீல் ஒருவரிடமும் காட்டிவிடுங்கள்.

ரோட்டில் நிறுத்தினால்? லைசென்ஸ், இன்சூரன்ஸ் கொடுங்கள், மரியாதையாக இருங்கள், பொய் சொல்லாதீர்கள். பதில் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. வண்டியைச் சோதிக்கலாமா என்றால், "ஐ டோன்ட் கன்சென்ட் டு எ சர்ச்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். வாசனை வந்தால் சம்மதம் இல்லாமலும் சோதிப்பார்கள், தடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி பின்னால் எனக்கு உதவும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிற எளிய வழி, மாநில எல்லை தாண்டி எதையும் கொண்டுவராமல் இருப்பது. கம்மி, வேப், மிச்சமிருந்த அரை பிரவுனி எதுவும் வேண்டாம்.

பையனின் வழக்கு பதினான்கு மாதம் இழுத்தது. கடைசியில் விசாரணைக்கு முந்தைய ஒரு திட்டத்தில் சேர்த்தார்கள். வகுப்பு, சமூக சேவை, சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் முடித்ததும் தள்ளுபடி. அதன் ஒப்பந்தத்தில் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை எடுக்க வைக்கவே நான்கு மாதம் பிடித்தது. ஆவணங்களை அழிக்க மனுப் போடுவதற்கு முன், எல்லாவற்றுக்கும் நீதிமன்ற முத்திரையோடு இரண்டிரண்டு நகல் வாங்கி வைக்கச் சொன்னேன். விசாவுக்கான டிஎஸ் 160 படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை, கைதானதையும் கேட்கும். தூதரகத்தில் காகிதம் கேட்கும்போது, அழித்துவிட்டோம் என்று நிற்க முடியாது.

போன ஆவணியில் அவன் தங்கைக்குக் கல்யாணம். போனால் சென்னையில் விசா ஸ்டாம்பிங் போட்டுத்தான் திரும்ப வரவேண்டும். போகலாமா அக்கா என்று கேட்டான். போவது உன் உரிமை, திரும்பி வருவதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது என்றேன். முகூர்த்தம் இங்கே ராத்திரி எட்டரை மணிக்கு வந்தது. ஃபோனில் பார்த்தான்.