ஸ்டிக்கருக்கு மேலே ஐயாயிரம் டாலர்: அது கடனுக்குள் போனால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் ஒரு கிரெடிட் யூனியனில், அதாவது உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு நிதி நிறுவனத்தில், கார் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது என் வேலை. டீலர் எழுதிக் கொடுத்த விலைத்தாள் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் என் மேஜைக்கு வரும். காரின் விலைக்குக் கீழே 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று ஒரு வரி தெரிந்தால், கடனை அனுமதிப்பதற்கு முன்பு விண்ணப்பித்தவரைக் கூப்பிட்டுப் பேசிவிடுவேன். நம் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து எனக்கு அதிகம் கிடைக்கும் பதில் இது: "பரவாயில்லைங்க, மாசத்துக்குத் தொண்ணூறு டாலர்தானே கூடுது."

அந்தத் தொண்ணூறு டாலர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஸ்டிக்கரில், அதாவது கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தயாரிப்பாளரின் விலைத்தாளில், 45,000 டாலர் போட்ட ஒரு மினிவேன். கிராக்கி அதிகம் என்று சொல்லி டீலர் 5,000 கூட்டுகிறார். அதுதான் மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட். விற்பனை வரி, கூட்டிய விலைக்கும் சேர்த்துத்தான் விழும். டெக்சாஸில் வண்டிகளுக்கு 6.25 சதவீதம் வரி. ஆக அந்த 5,000-க்கு மட்டும் 312 டாலர். மொத்தம் 5,312. இதை 7 சதவீத வட்டியில் 72 மாதக் கடனுக்குள் சேர்த்தால் மாதம் 90 டாலருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆறு வருடம் கட்டி முடிக்கும்போது 6,500 டாலரைத் தாண்டியிருக்கும். கூடுதலாக ஒரு திருகாணிகூட வண்டியில் ஏறியிருக்காது.

இதுவாவது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். எனக்குப் பெரிய கவலை வேறு. அந்த 5,000 டாலர் உங்கள் கடனில் இருக்கும். காரின் மதிப்பில் இருக்காது. ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளில் இருந்தே உங்கள் கார், பக்கத்து ஊரில் ஸ்டிக்கர் விலைக்கே வாங்கிய இன்னொருவரின் காருக்குச் சமம்தான். எட்டு மாதத்தில் விபத்தில் வண்டி முழுக்கச் சேதமானால், இன்சூரன்ஸ் நிறுவனம் அன்றைய சந்தை மதிப்பைத்தான் கொடுக்கும். நீங்கள் டீலரிடம் கூட்டிக் கொடுத்ததை அது கணக்கில் எடுக்காது. கடனில் மீதி நிற்பதை, வண்டி இல்லாமலே, கையிலிருந்து கட்ட வேண்டும். அந்தப் பள்ளத்தை மூடுவதற்கென்று கேப் இன்சூரன்ஸ் விற்கிறார்கள். ஆனால் அதிலும் காரின் மதிப்பில் இவ்வளவு சதவீதம் வரைதான் என்ற உச்சவரம்பு பல பாலிசிகளில் உண்டு. படிக்காமல் அதை நம்பி இருக்க வேண்டாம்.

கடன் கொடுப்பவர்கள் பார்வையிலும் இதே சிக்கல்தான். புதிய காருக்கு நாங்கள் கடன் தொகையை எம்.எஸ்.ஆர்.பி. எனப்படும் ஸ்டிக்கர் விலையோடோ, டீலர் தயாரிப்பாளருக்குக் கொடுக்கும் இன்வாய்ஸ் விலையோடோ ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அதற்கு மேல் எத்தனை சதவீதம் வரை போகலாம் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எல்லை இருக்கும். வரி, பதிவுக் கட்டணம், பழைய காரில் பாக்கி இருக்கும் கடன் எல்லாம் அந்த எல்லைக்குள்தான் அடங்க வேண்டும். மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட் அந்த இடத்தில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில், "டவுன் பேமென்ட் இன்னும் நாலாயிரம் போடுங்கள்" என்று நாங்கள் சொல்ல நேர்கிறது. அவசரத்துக்கு வைத்திருந்த சேமிப்பு அங்கேதான் கரைகிறது.

லீஸ் எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்துக் காரின் மதிப்பு எவ்வளவு இருக்கும் என்பதை ஸ்டிக்கர் விலையின் சதவீதமாகத்தான் கணக்கிடுகிறார்கள். அதனால் டீலர் மேலே கூட்டிய தொகை அந்த மீதி மதிப்பில் சேராது. 36 மாத லீஸ் என்றால் 5,000 டாலரும் அந்த 36 மாதத்துக்குள்ளேயே உங்களிடமிருந்து வசூலாகும். மாதம் 139 டாலர், அதற்கு மேல் வட்டி, வரி. பிறகு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வர வேண்டியதுதான்.

இது எப்படிச் சட்டப்படி நடக்கிறது என்று பலர் கோபத்தோடு கேட்கிறார்கள். புதிய கார்களின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்த ஸ்டிக்கர் 1958-இல் வந்த ஒரு கூட்டாட்சிச் சட்டத்தால் கட்டாயமானது. அதைக் கொண்டுவந்தவர் ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி. இன்றும் அதை மன்ரோனி ஸ்டிக்கர் என்றே சொல்கிறார்கள். அடிப்படை விலை, தொழிற்சாலையில் சேர்த்த வசதிகளின் விலை, டீலரிடம் கொண்டுவந்து சேர்க்கும் கட்டணம், மொத்தம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாங்குபவர் கைக்கு வண்டி போகும்வரை டீலர் அதைக் கிழிக்கக் கூடாது. ஆனால் அதில் அச்சிடப்பட்டிருப்பது தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை. அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இந்தியாவில் பாக்கெட்டின் மேல் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் தப்பு என்று பழகி வந்தவர்களுக்கு இது புரியவே கொஞ்ச காலம் ஆகிறது.

தயாரிப்பாளராவது தடுக்கலாமே? டீலர்கள் தயாரிப்பாளரின் ஊழியர்கள் இல்லை, தனி முதலாளிகள். அவர்களை மாநிலங்களின் ஃபிரான்சைஸ் சட்டங்கள் வலுவாகப் பாதுகாக்கின்றன. 2022 தொடக்கத்தில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் டீலர்களை எச்சரித்ததும், கூடுதல் விலை கேட்பவர்களுக்கு அனுப்பும் வண்டிகளைக் குறைப்போம் என்றதும் செய்தியில் வந்தது. தங்கள் டீலர்களில் சுமார் 10 சதவீதத்தினர் ஸ்டிக்கருக்கு மேல் விற்றதாக ஃபோர்டின் தலைமை நிர்வாகி ஜிம் ஃபார்லி அப்போது சொன்னார். தயாரிப்பாளரின் கையில் இருக்கும் முக்கியமான பிடி அதுதான்: எந்த டீலருக்கு எத்தனை வண்டி என்ற ஒதுக்கீடு.

அந்த நேரத்தில் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு, கார் விலைகளை ஆராயும் எட்மண்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒரு கணக்கு போதும். 2020 ஜனவரியில் புதிய கார் வாங்கியவர்களில் 0.3 சதவீதம் பேர்தான் ஸ்டிக்கருக்கு மேல் கொடுத்தார்கள். சிப் தட்டுப்பாட்டால் தொழிற்சாலைகள் திணறிய பிறகு, 2022 ஜனவரியில் அது 82 சதவீதமாக ஏறியது. தட்டுப்பாடு பிறகு தணிந்தது. பெரும்பாலான மாடல்கள் இப்போது ஸ்டிக்கருக்குக் கீழேயே கிடைக்கின்றன. ஆனால் கிராக்கி உள்ள சில மாடல்களில், குறிப்பாகக் காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும் ஹைப்ரிட் மினிவேன்களிலும் மூன்று வரிசை எஸ்.யூ.வி.களிலும், அந்தப் பழக்கம் போகவில்லை. நம் வீடுகளில் இரண்டாவது குழந்தை பிறந்தாலோ, ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்கப்போகிறார்கள் என்றாலோ நாம் தேடிப் போவதும் அதே வண்டிகளைத்தான்.

தேதி நெருக்கடி நம்மைக் கட்டிப்போடுகிறது. "ஆடி பிறக்கிறதுக்குள்ள வண்டிய எடுத்து கோயில்ல பூஜை போட்டுரணும், அண்ணா" என்று ஒரு தம்பி என்னிடம் சொன்னார். இருந்தது இரண்டு வாரம். அவசரம் என்பதை அவரே விற்பனையாளரிடமும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் விலையில் ஏன் இறங்கி வரப்போகிறார்கள்? நல்ல நாள் பார்ப்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் பார்க்கிறோம். அந்தத் தேதி டீலருக்குத் தெரிய வேண்டியதில்லை, அவ்வளவுதான். குழந்தை பிறக்கும் தேதியும், பழைய கார் ரிப்பேரில் நிற்கிறது என்பதும்கூட அப்படித்தான். தேடலை மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிட்டால் பாதி நெருக்கடி தானாகவே இல்லாமல் போகும்.

நேரடியாக 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்' என்று எழுதும் டீலர் ஒரு வகையில் பரவாயில்லை. அவர் கேட்பது என்னவென்று தெரிகிறது. மறைத்துக் கேட்பவர்கள்தான் எனக்கு அதிகம் வருத்தம் தருகிறார்கள். மன்ரோனி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் அதே மாதிரி அச்சில் இன்னொரு தாள் ஒட்டியிருக்கும். அதில் பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு, டயரில் நைட்ரஜன், கண்ணாடியில் வண்டி எண் பொறித்தல், கதவுப் பிடிக்கு ஒட்டும் படலம், திருட்டைக் கண்காணிக்கும் கருவி என்று வரிசையாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் மூவாயிரம், நாலாயிரம். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். டயரில் மீதியையும் நைட்ரஜனாக மாற்றுவதற்கு இருநூறு டாலர் கேட்பதை என்னால் எந்த வாடிக்கையாளருக்கும் நியாயப்படுத்திச் சொல்ல முடிந்ததில்லை. "ஏற்கெனவே போட்டாச்சு, எடுக்க முடியாது" என்பார்கள். போட்டதை எடுக்க முடியாது என்றாலும், அதற்கு விலை போடாமல் விட முடியும். கேளுங்கள். மறுத்தால் அதை மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்டாகவே எண்ணி முடிவெடுங்கள்.

இன்னொரு இடம், டீலரிடம் கடன் பேசி முடிக்கும் ஃபைனான்ஸ் அறை. விலையில் பிடிவாதமாக இருந்து கூடுதல் தொகையை நீக்க வைத்தவர்கள் மகிழ்ச்சியோடு அந்த அறைக்குள் போகிறார்கள். அங்கே வட்டியில் அது திரும்பி வருகிறது. கடன் கொடுக்கும் வங்கி 5.5 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கும். டீலர் உங்களிடம் 7 சொல்லலாம். இடைவெளியில் ஒரு பங்கு அவருக்குப் போகும். இது இங்கே வழக்கத்தில் உள்ள, சட்டம் அனுமதிக்கும் ஏற்பாடுதான். 45,000 டாலருக்கு 72 மாதத்தில் அந்த ஒன்றரை சதவீதம் 2,300 டாலருக்கு மேல் வரும். ஆகவே டீலரிடம் போகும் முன்பே உங்கள் வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ கடனுக்கு முன் அனுமதி வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டீலர் அதைவிடக் குறைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டுக்கு வந்து ஓரிரு வருடமே ஆன, கிரெடிட் வரலாறு குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். "உங்களுக்கு யாரும் கடன் தரமாட்டார்கள், நாங்கள் மட்டும்தான்" என்ற பேச்சை அவர்களிடம்தான் அதிகம் பேசுகிறார்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாத நிலை இப்போது. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு விதியை அறிவித்தது. மொத்த விலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும், பயனில்லாத சேர்க்கைகளுக்குக் காசு வாங்கக் கூடாது என்பவை அதில் இருந்தன. டீலர் சங்கங்கள் வழக்குப் போட்டன. விதியை உருவாக்கிய நடைமுறையில் குறை இருந்தது என்று 2025 ஜனவரியில் ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த விதியும்கூட ஸ்டிக்கருக்கு மேல் விற்பதைத் தடை செய்யவில்லை. ஒளிக்காமல் சொல் என்றுதான் சொன்னது. இப்போது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு. டீலர் வாங்கும் ஆவணக் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: கலிஃபோர்னியாவில் 85 டாலருக்கு மேல் கேட்க முடியாது, ஃப்ளோரிடாவில் உச்சவரம்பே இல்லை.

வாங்கிய பொருளை மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே பரவியிருக்கிறது. மூன்று நாள் அவகாசம் தரும் கூட்டாட்சி விதி, வீடு தேடி வந்து விற்பது போன்ற விற்பனைகளுக்கானது. ஷோரூமில் போய் வாங்கிய புதிய காருக்கு அது பொருந்தாது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். இதைத் தெரியாமல் கையெழுத்திட்டுவிட்டு மறுநாள் காலை எனக்கு வரும் அழைப்புகள் மிகவும் கஷ்டமானவை.

சரி, என்னதான் செய்வது? எனக்குத் தெரிந்து உண்மையில் பலன் கொடுப்பது ஒன்று: ஷோரூமுக்குப் போகாமல், மின்னஞ்சலில், பல டீலர்களிடம் 'அவுட் தி டோர்' விலை கேட்பது. வரி, கட்டணம், சேர்க்கைகள் எல்லாம் அடங்கிய கடைசி ஒற்றை எண். மாதத் தவணை எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள்; மொத்த விலையை மட்டும் பேசுங்கள். நூறு, இருநூறு மைல் தள்ளியும் கேளுங்கள், பக்கத்து மாநிலத்திலும் கேளுங்கள். வரி பொதுவாக நீங்கள் வண்டியைப் பதிவு செய்யும் மாநிலத்தின்படிதான். ஸ்டிக்கர் விலைக்கே விற்கும் டீலர்கள் எல்லா பிராண்டுகளிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் காத்திருப்பு நீளமாக இருக்கும், அவ்வளவே. வரப்போகும் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதானால் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: முன்பணம் திரும்பக் கிடைக்கும், வண்டி வந்த பிறகு ஸ்டிக்கருக்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டோம். வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டு, வண்டி வந்த அன்று "மேனேஜர் மாறிட்டார்" என்று சொல்லப்பட்டவர்களின் கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன். விளம்பரத்தில் போட்ட விலை ஒன்று, கேட்கும் விலை வேறு என்றால், பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

ஏற்கெனவே கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டவர்கள் ஒப்பந்தத்தை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். விலையில் கூட்டியது திரும்பாது. ஆனால் அதோடு சேர்த்து விற்ற நீட்டிக்கப்பட்ட வாரன்டி, கேப் இன்சூரன்ஸ் போன்றவற்றைப் பெரும்பாலும் ரத்து செய்யலாம். ஆரம்ப வாரங்களில் செய்தால் முழுப் பணமும், பிறகு என்றால் மீதி காலத்துக்கு உரியதும் திரும்பக் கிடைக்கும். கடன் காரின் அன்றைய சந்தை மதிப்பைவிட அதிகமாக நிற்கும்வரை கேப்பை மட்டும் விட்டுவைப்பது நல்லது. ரத்து செய்த பணம் உங்கள் கைக்கு வராது, கடன் கொடுத்த நிறுவனத்துக்குப் போய் அசலில் கழியும். மாதத் தவணை குறையாததால் பலர் பணம் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடுத்த கடன் அறிக்கையில் அசல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதமாகியும் குறையவில்லை என்றால் டீலருக்குப் போன் போடுவதோடு நிற்காமல், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.