ஜெர்மனியில் மேற்படிப்பு: காகிதங்கள் எங்கே மாட்டிக்கொள்கின்றன

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க முடிவெடுக்கும் மாணவர்கள் பலர் முதலில் பல்கலைக்கழகப் பட்டியலைத்தான் தயார் செய்கிறார்கள். காகிதங்களை அட்மிஷன் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் காலத்தைத் தின்பவை காகிதங்கள்தான். ஏதோ ஒரு சான்றிதழ் கையில் இல்லாமல் போவது குறைவு. எல்லாம் இருந்தும் ஒன்றில் இருப்பது இன்னொன்றோடு ஒத்துப்போகாமல் இருப்பதே அதிகம். பெயர், தேதி, மதிப்பெண் ஆகிய மூன்றும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இனிஷியலில் தொடங்குவோம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘எஸ். கார்த்திக்’, கல்லூரிச் சான்றிதழில் ‘கார்த்திக் எஸ்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் செந்தில்குமார்’ என்று இருப்பது நம் ஊரில் சாதாரணம். இதுகூடப் பெரிய சிக்கல் இல்லை. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் எடுத்த அஃபிடவிட் ஒன்றைச் சேர்த்து வைத்தால் விளக்கிவிடலாம். எழுத்து மாறியிருந்தால்தான் தலைவலி: ஒன்றில் ‘டிஹெச்’, இன்னொன்றில் வெறும் ‘டி’ என்று ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறாக இருந்தால், சான்றிதழ் கொடுத்த இடத்திலேயே திருத்தச் சொல்லி விண்ணப்பியுங்கள். பெயரையே மாற்றுவதாக இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு, அந்தப் பக்கத்தை எல்லாச் சான்றிதழோடும் இணைக்க வேண்டும். இரண்டுமே ஒரே வாரத்தில் முடிகிற காரியங்கள் இல்லை.

இதைவிடச் சிக்கலானது பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருப்பது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் இணையப் படிவங்களில் குடும்பப் பெயர் கட்டாயக் கட்டம். மாணவர் ஓரிடத்தில் அப்பா பெயரைப் போடுவார், இன்னோரிடத்தில் தன் பெயரையே இரண்டு தடவை எழுதுவார், மூன்றாவதில் ஒரு புள்ளி வைப்பார். பிறகு அட்மிஷன் கடிதம், காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாம் மூன்று வெவ்வேறு ஆட்கள் பெயரில் வந்து நிற்கும். விண்ணப்பம் எதையும் தொடங்குமுன் பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ செய்து, சர்நேம் கட்டத்தை நிரப்பிவிடுவதே எங்கள் பரிந்துரை. 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு சாதாரண முறையில் 1,500 ரூபாய். போலீஸ் வெரிஃபிகேஷனுக்கும் நாள் ஒதுக்க வேண்டும். பாஸ்போர்ட் எண் மாறிவிடும் என்பதால் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே இதை முடிப்பது நல்லது.

அடுத்தது ஏ.பி.எஸ். சான்றிதழ். இந்திய மாணவர்களின் கல்விச் சான்றுகள் உண்மையானவையா என்று சரிபார்த்து இதைத் தரும் அலுவலகம் டெல்லியில் இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தின்போதே கேட்கின்றன. சரிபார்க்கப் பல வாரங்கள் ஆகும், சீசனில் இன்னும் கூடும். அக்டோபரில் தொடங்கும் வின்டர் செமஸ்டருக்கு அதிகபட்சக் கடைசி நாள் பெரும்பாலும் ஜூலை 15. ஆனால் ஆங்கிலவழி மாஸ்டர்ஸ் படிப்புகள் பல மார்ச், ஏப்ரல், மே மாதங்களிலேயே மூடிவிடும். ஆகவே முந்தைய ஆண்டு நவம்பர், டிசம்பரிலேயே ஏ.பி.எஸ்.ஸுக்கு அனுப்பிவிட வேண்டும். அனுபவச் சான்றிதழை ‘ஏற்பாடு’ செய்து தருவதாகச் சொல்லும் ஏஜென்டுகளை அண்டவே விடாதீர்கள். போலி ஒன்று இருந்தால் உண்மையான மற்ற சான்றிதழ்களும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

மார்க் ஷீட் விஷயத்தில் கன்சாலிடேட்டட் மட்டும் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு செமஸ்டர் ஷீட்டும் வேண்டும், அரியர் எழுதித் தேறிய ஷீட்டுகளும் சேர்த்து. அரியரை மறைக்க நினைத்து ஒரு ஷீட்டை விட்டால், சரிபார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த இடைவெளிதான். ஒரிஜினலைக் கலரில் ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் விடாமல். கிரேடு விளக்கமும் தேர்ச்சிக்கான குறைந்தபட்ச அளவும் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும்.

அந்தக் குறைந்தபட்ச அளவு ஏன் முக்கியம்? ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அங்கே மாற்ற ‘பவேரியன் ஃபார்முலா’ என்ற கணக்கு இருக்கிறது. உச்ச அளவிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 7.5 சி.ஜி.பி.ஏ. வாங்கியவருக்குத் தேர்ச்சி அளவு 5 என்றால் கிடைப்பது 2.5. அதே ஆளுக்குத் தேர்ச்சி அளவை 4 என்று எடுத்தால் 2.25. பல துறைகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. அங்கே, தேர்ச்சி அளவு 5 உள்ளவர் 7.4 வாங்கியிருந்தால் 2.56 ஆகி வெளியே நிற்பார். கல்லூரி தந்த சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், சி.ஜி.பி.ஏ.வையே எடுங்கள். தேர்ச்சி அளவு ஷீட்டில் இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள்.

சிலபஸையும் இப்போதே எடுத்து வையுங்கள். ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நீங்கள் படித்த பாடங்களை அவர்களுடைய பாடங்களோடு ஒப்பிட்டு ஒரு படிவத்தில் நிரப்பச் சொல்கிறார்கள். உங்கள் ரெகுலேஷனுக்கு, அதாவது நீங்கள் படித்த பாடத்திட்டப் பதிப்புக்கு, உரிய சிலபஸாக இருக்க வேண்டும், ஜூனியர்களுடையது செல்லாது.

பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாகப் போகும் விண்ணப்பங்களுக்கு ஒரு செமஸ்டரில் முதலாவதற்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. கடைசி நாளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னதாக அனுப்பினால், ஏதாவது குறை சொல்லித் திருப்பினாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.

அப்போஸ்டில் முத்திரைக்கு, அதாவது ஒரு நாட்டின் சான்றிதழை இன்னொரு நாடு ஏற்க ஒரு சர்வதேச உடன்படிக்கையின்படி இடும் முத்திரைக்கு, பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். இந்தியா 2005-இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இவ்விரு நாடுகளுக்கிடையே அந்த முத்திரைக்குப் பயனில்லை.

இனி பணம். 2024 செப்டம்பர் முதல், மாதத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டி வைக்கும் பிளாக்டு அக்கவுன்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 வீதம், காட்ட வேண்டும். வங்கி கொடுத்த லோன் சாங்ஷன் லெட்டரை அதற்குப் பதிலாகக் காட்ட முடியாது. கடனாக இருந்தாலும் பணம் அந்தக் கணக்குக்குள் போய்ச் சேர வேண்டும். அனுப்பும்போது இடைத்தரகு வங்கிகள் வழியில் பிடிக்கும் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்பதாகத் தேர்வு செய்யுங்கள். 20 யூரோ குறைந்து போய்ச் சேர்ந்தாலும் உறுதிச் சான்று வராது, அந்தச் சின்னத் தொகைக்காக இன்னொரு முறை அனுப்பி நாள் போகும். கல்விக்காக ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் சொந்தப் பணம் அனுப்பினால் கூடுதல் தொகைக்கு டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியைப் பிடிப்பார்கள். அது அனுப்பியவரின் பான் எண்ணில் பதிவாகும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து இந்தப் பிடித்தம் இல்லை.

கடன் வாங்குபவர்கள் நிலத்துக் காகிதங்களை முதலில் எடுத்துப் பாருங்கள். பொதுத்துறை வங்கிகள் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்தை ஈடு கேட்கும். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வங்கி வக்கீலின் ஒப்பீனியன் என்று வரிசையாக வரும். பத்திரம் அப்பா பெயரில் இருக்கும், பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். வாரிசுச் சான்றிதழ், அத்தைகளின் கையெழுத்து, பட்டா மாறுதல் என்று இழுத்துக்கொண்டே போய், அட்மிஷன் கையில் இருந்தும் செமஸ்டர் தவறிப் போகிறது. மகனோ மகளோ மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே பெற்றோர் தாலுகா அலுவலகம் போய் இதைத் தீர்த்து வைப்பது அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

விசாவில் இப்போது கூடுதல் கவனம் தேவை. மறுத்துவிட்டால் தூதரகத்துக்கே மேல்முறையீட்டுக் கடிதம் எழுதும் வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். எனவே சி.வி.யில் மாத வாரியாகத் தேதி போடுங்கள். படிப்பு முடிந்து எட்டு மாதம் வீட்டில் இருந்திருந்தால், அதில் என்ன செய்தீர்கள் என்று அப்படியே எழுதுங்கள். ரிலீவிங் லெட்டரில் உள்ள தேதியும் சி.வி.யில் உள்ள தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதங்கள் லெட்டர்ஹெட்டில், கல்லூரி மின்னஞ்சல் முகவரியோடு இருக்கட்டும்.

மருத்துவக் காப்பீட்டில் 30 வயது ஒரு கோடு. அதற்குக் கீழே இருப்பவர்கள் ஜெர்மன் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். அந்த நிறுவனம் நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தகவல் அனுப்பினால்தான் சேர்க்கை முடியும். புறப்படுவதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். பயணக் காப்பீடு தனி, அது முதல் சில நாட்களுக்கு மட்டும்.

சேர்க்கையின்போது ஒரிஜினல்களைக் கேட்பார்கள், அதனால் கைப்பையிலேயே கொண்டு போங்கள், செக்-இன் பெட்டியில் போட வேண்டாம். பட்டமளிப்பு விழா முடியாததால் டிகிரி சான்றிதழ் வரவில்லையென்றால் புரொவிஷனலை வைத்துச் சேர்ந்து, அவர்கள் தரும் கெடுவுக்குள் டிகிரியைக் கொடுக்க வேண்டிவரும். கல்லூரியில் உங்கள் சார்பாகப் பெற்றோர் அதை வாங்கிக்கொள்ள, கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் ஒன்றையும் அடையாள அட்டை நகலையும் கிளம்பும் முன்பே அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.