மல்டிபாலிகன்: இத தமிழ்ல எப்படிச் சொல்றது?

மேப் டேட்டாவ போஸ்ட்ஜிஐஎஸ், மைஎஸ்க்யூஎல் மாதிரி டேட்டாபேஸ்ல ஏத்துனவங்களுக்கு மல்டிபாலிகன் பழகுன பேருதான், தனித்தனித் துண்டா கிடக்குற இடத்த ஒரே வடிவமா வைக்கிற வகை அது. பாலிகன் கிரேக்கச் சொல்லு, பாலின்னா பல, கோனியான்னா மூலை இல்லன்னா கோணம், அதான் நம்ம பாடப்புத்தக பலகோணம். முன்னாடி ஒட்டியிருக்குற மல்டி லத்தீன், அதுக்கும் பலன்னுதான் அர்த்தம். அப்படியே தமிழாக்குனா பல்பல்கோணம்னு வரும், பல் டாக்டர் போர்டு மாதிரி இருக்கு, வேணாம்.

இங்க மல்டி மூலைய எண்ணல, துண்ட எண்ணுது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்த எடுத்துக்கங்க, புதுச்சேரி பகுதி ஒரு பக்கம், காரைக்கால் ஒரு பக்கம், மாஹே கேரளாவுக்குள்ள, ஏனாம் ஆந்திராவுக்குள்ள, ஆனா டேபிள்ல அது ஒரே ரோவா (row) இருக்கணும், நாலு ரோவா பிரிச்சுட்டு மக்கள்தொகை டேபிளோட ஜாயின் போட்டா மொத்த ஜனத்தையும் நாலு தடவ கூட்டிரும். துண்ட எண்ணுற எஸ்டி_நம்ஜியாமெட்ரீஸ் ஃபங்ஷன போட்டா 4 வரும்னு நினைப்பீங்க, மேப் துல்லியமா இருந்தா அதுக்கு மேலயே வரும், ஏன்னா புதுச்சேரி பகுதியே தமிழ்நாட்டு ஊருங்களுக்கு நடுவுல துண்டு துண்டாத்தான் கிடக்கு. வடிவத்த வைக்கிற காலத்த (column) வெறும் பாலிகன்னு டிக்ளேர் பண்ணியிருந்தா இந்த ரோவுல இன்சர்ட் எரர் அடிச்சு நின்னுரும். நானும் ஒரு தடவ ராத்திரி ஃபுல்லா ஃபைல்தான் கெட்டுப்போச்சுன்னு தேடிட்டு இருந்தேன். காலத்த மல்டிபாலிகனா மாத்திட்டு, ஒத்தத் துண்டா வர்றத போஸ்ட்ஜிஐஎஸ்ல இருக்குற எஸ்டி_மல்டில சுத்தி உள்ள போட்டா முடிஞ்சுது. திரும்ப தனித்தனியா உதிர்க்க எஸ்டி_டம்ப்.

இன்னொரு விதி, உள்ள இருக்குற துண்டுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது, புள்ளில தொட்டுக்கலாம், ஆனா பக்கத்து வீட்டு காம்பவுண்டு மாதிரி ஒரு விளிம்பையே பங்கு போட்டுக்கிட்டா அது செல்லாது, எஸ்டி_யூனியன்ல ஒண்ணாக்கிரணும்.

இப்ப தமிழ்ப் பேரு. பலகோணத் தொகுதின்னு சொல்லலாம்தான், ஆனா மேப் டேபிள்ல தொகுதின்னாலே எம்எல்ஏதான் ஞாபகம் வரும். கூட்டுப் பலகோணம்னா எல்லாத்தையும் ஒண்ணா இணைச்சிட்ட மாதிரி கேக்குது, அது யூனியன் வேல. எனக்குப் பிடிச்சது பலகோணத் திரள். இதே வரிசைல மல்டிபாயின்ட் புள்ளித் திரள், மல்டிலைன்ஸ்ட்ரிங் கோட்டுத் திரள். புள்ளி, கோடு, பலகோணம்னு எல்லாத்தையும் கலந்து ஒரே பையில போட்டுக்குற ஜியாமெட்ரிகலெக்‌ஷனுக்கு மட்டும் வடிவத் திரட்டு, ஏன்னா அது தானா திரண்டது இல்ல, நாம பொறுக்கிச் சேத்தது.