விலா வலியோடு படகேறாதீர்கள்: துடுப்புப் படகு வீரர்களும் பயிற்சியாளர்களும் கவனிக்க வேண்டியவை

படுக்கையில் புரளும்போது விலாவில் ஓர் இடம் சுருக்கென்று குத்தும். தும்மல் வந்தால் கை தானாக அந்த இடத்தைப் போய் அழுத்திப் பிடிக்கும். கனமான கதவைத் தள்ளும்போதும் அங்கேதான் வலிக்கும். ஆனால் தண்ணீரில் இறங்கி உடம்பு சூடேறியதும் வலி மட்டுப்பட்டுவிடும். அதனால்தான் பலரும் இதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து, தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் படகேறுகிறார்கள்.

விலா எலும்பில் ஏற்படும் அழுத்தக் காயம், அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி எலும்பில் வரும் காயம், பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. உயர்மட்ட ரோயிங்கில் (துடுப்புப் படகுப் போட்டியில்) ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது வருகிறது. அந்த விளையாட்டில் முதுகு வலிதான் அதிகம் என்றாலும், முதுகு வலியோடு ஒப்பேற்றிக்கொண்டு பயிற்சி செய்பவர்கள் உண்டு. விலாவில் கீறல் விழுந்துவிட்டால் அதற்கு வழியில்லை. துடுப்பை முழு பலத்தோடு இழுக்கவே முடியாது.

காலால் தள்ளும் விளையாட்டில் விலா எப்படி உடைகிறது? துடுப்பு தண்ணீரைப் பிடிக்கும் கணத்தை வீரர்கள் ‘கேட்ச்’ என்பார்கள். அந்தக் கணத்தில் தொடைகள் தரும் பலம் முழுவதும் முதுகு, தோள், கை வழியாகத் துடுப்பின் பிடிக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் இருக்கும் தோள்பட்டை எலும்பை அசையாமல் மார்புக்கூட்டோடு கட்டிவைப்பது பக்கவாட்டில் விலாக்களைப் பற்றியிருக்கும் தசை. அந்தத் தசை ஒரு பக்கம் இழுக்க, வயிற்றின் பக்கத் தசைகள் இன்னொரு பக்கம் இழுக்க, ஒவ்வொரு இழுப்பிலும் விலா லேசாக வளைந்து நிமிர்கிறது. கம்பியை ஒரே இடத்தில் வளைத்து வளைத்து நிமிர்த்தினால் என்ன ஆகும் என்று தெரியும். பெரும்பாலும் ஐந்து முதல் ஒன்பது வரையுள்ள விலாக்களில், பக்கவாட்டில்தான் காயம் வருகிறது.

இதில் எண்ணிக்கைதான் ஆளைச் சாய்க்கிறது. 2000 மீட்டர் பந்தயத்தில் ஒரு வீரர் துடுப்பை இழுப்பது 220 முதல் 250 தடவைதான். ஆனால் காலையில் ஒன்றரை மணி நேரம், நிமிடத்துக்கு 19 இழுப்பு என்று நிதானமாகப் போனாலே 1,700 தாண்டிவிடும். வேகம் குறைவாக இருக்கும்போது ஒவ்வோர் இழுப்பிலும் சுமை கூடுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பந்தய நாளில் விலா உடைவது அபூர்வம். சீசனுக்கு முந்தைய நீண்ட, மெதுவான பயிற்சி மாதங்களில்தான் அது உடைகிறது.

அந்த மாதங்களில், தரையில் உட்கார்ந்தே துடுப்புப் பயிற்சி செய்யும் எர்கோ மெஷின் முக்கியமான குற்றவாளி. பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண் போட்ட, மெஷினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் டேம்பர் நெம்புகோலை 10-இல் வைத்தால்தான் ஆம்பளை என்ற எண்ணம் ஜிம்களில் இருக்கிறது. இது தவறு. அந்த எண் கியர் மாதிரி. பலத்தின் அளவு இல்லை. பார்க்க வேண்டியது ‘டிராக் ஃபேக்டர்’, அதாவது இழுக்கும்போது மெஷின் எவ்வளவு எதிர்க்கிறது என்பதைக் காட்டும் எண். திரையில் அதற்கான பக்கத்தைத் திறந்து சில இழுப்பு இழுத்தால் எண் வரும். பெரும்பாலான வீரர்களுக்கு 120 முதல் 140-க்குள் இருந்தால் போதும்; உடல் எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். டேம்பர் 10-இல் அது 200-ஐத் தாண்டக்கூடும். மெஷினில் தூசி அடைத்திருந்தால் டேம்பர் ஒரே இடத்தில் இருந்தாலும் இந்த எண் மாறும். அதனால் மெஷின் மாறும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்காராமல் 20, 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் முதுகுக்கும் நல்லது.

இந்தியாவில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் முன்னணி வீரர்கள் பலர் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் முதன்முதலாகத் துடுப்பைத் தொடுகிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் 13-ஆவது இடம் பிடித்த தத்து போகனல் அப்படி வந்தவர்தான். 2024 பாரிஸுக்குப் போன பால்ராஜ் பன்வாரும் அப்படியே. இருபது வயதில் தொடங்குபவருக்கு இதயமும் தசையும் சில மாதங்களில் தயாராகிவிடும். எலும்பு அவ்வளவு வேகமாகக் கெட்டிப்படாது. நெஞ்சு தாங்குகிறதே என்று பயிற்சித் தூரத்தை மளமளவென்று ஏற்றினால், எலும்பு பின்தங்கிவிடும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். எடை வரம்புள்ள லைட்வெயிட் பிரிவில் ஆண்களுக்கு உச்ச எடை 72.5 கிலோ, பெண்களுக்கு 59 கிலோ. பந்தயத்துக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்னால் எடை பார்ப்பார்கள். 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்கில் நுழைந்த இந்தப் பிரிவு 2024 பாரிஸோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றது. ஆனால் பட்டினி கிடந்து எடையை இறக்கும் பழக்கம் அதோடு போய்விடவில்லை. உடம்புக்குத் தேவையான சக்தி கிடைக்காதபோது அது முதலில் கைவிடும் வேலைகளில் ஒன்று எலும்பைப் பழுதுபார்ப்பது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் ‘பயிற்சியின் அடையாளம்’ கிடையாது. அது அபாய மணி. காலை ஐந்தரை மணிக்கு வெறும் காபியோடு படகேறுவதை நிறுத்துங்கள். இரண்டு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும். விலா வலி வந்தவர்கள் வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுவது நல்லது.

வலி வந்தால் அன்றைக்கே துடுப்பை வைத்துவிடுங்கள். மறுநாள் எக்ஸ்ரே எடுத்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. விரலால் தொட்டால் ஒரே புள்ளியில் வலிக்கிறதா, மார்பை இரு பக்கமும் அழுத்தினால் வலிக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார். திடீர் மூச்சுத்திணறல், வியர்வை, இடது கைக்குப் பரவும் வலி என்றால் அது வேறு விஷயம். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆரம்ப எரிச்சல் நிலையிலேயே நிறுத்தியவர்கள் பலர் ஓரிரு வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். கீறல் விழுந்தபின் என்றால் நான்கு முதல் எட்டு வாரம். அந்த நாட்களில் நின்ற இடத்தில் ஓடும் சைக்கிள் போதும். கைப்பிடியை இறுக்கி இழுக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கலாம். தண்டால் வேண்டாம். மார்பைப் பலகையில் அழுத்திப் படுத்து எடை இழுக்கும் பயிற்சி கூடவே கூடாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு துடுப்பு போடுவது, கீறலை முறிவாக்கும் வழி.

ஆழ மூச்சும் தும்மலும் வலியில்லாமல் வந்து, அழுத்தினால் வலிக்கும் புள்ளியும் மறைந்த பிறகு எர்கோவில் 10 நிமிடம், டிராக் ஃபேக்டர் 100-ஐ ஒட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள். தடவைக்கு 5 நிமிடம் கூட்டலாம். மறுநாள் காலை புரளும்போது வலித்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். தண்ணீருக்குத் திரும்பும்போது முதலில் கைக்கு ஒன்றாக இரண்டு துடுப்பு பிடிக்கும் படகு. உடம்பைத் திருப்பி இழுக்கும் ஒற்றைத் துடுப்பை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிரிட்டன் துடுப்புப் படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ் 1984-இல் தொடங்கி 2000 சிட்னியில் 38 வயதில் ஐந்தாவது ஒலிம்பிக் தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் உடம்பு அவ்வளவு காலம் ஓடக்கூடியது. ஆனாலும் இருபத்துமூன்று வயதுப் பையன் விலா வலியை மறைக்கிறான் என்றால், சொன்னால் படகில் தன் இடம் போய்விடும் என்ற பயம்தான் காரணம். அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரத்தில் பல படகுகளில் அப்படித்தான் நடக்கிறது. இதைப் பயிற்சியாளர்தான் மாற்ற முடியும். வலியைச் சொல்லி ஓய்வெடுத்தவருக்கு இடத்தை வைத்திருப்பேன், மறைத்தவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை என்று சீசன் தொடக்கத்திலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். பிறகு தினமும் காலையில், படகை இறக்குவதற்கு முன், ஒவ்வொருவரிடமும் தனியாக ஒன்று கேளுங்கள்: “ராத்திரி புரண்டு படுத்தப்போ விலாவில எங்கேயாவது குத்துச்சா?”