தானோட்டி

"தானியங்கி வேளாண் கருவிகளுக்கு ஓட்டுநர் கட்டாயம்." கலிஃபோர்னியா விதி ஒன்றுக்கு இப்படி ஒரு மொழிபெயர்ப்பு. தானாகவே ஓடுவதற்கு ஓட்டுநர் எதற்கு? படிக்கிறவர் அந்த ஊர்க்காரர்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றல்லவா நினைப்பார்!

அந்தப் பணியிடப் பாதுகாப்பு விதியில் (எண் 3441) உள்ள சொல் 'செல்ஃப் புரொப்பெல்டு'. மாடோ வேறு வண்டியோ இழுக்காமல், தன் எஞ்சின் விசையில் நகர்வது என்று பொருள். நம் ஊர் டிராக்டரும் அதில் சேர்த்திதான். தன்விசை வண்டி என்றால் போதும். அது நகரும்போது கட்டுப்பாட்டுக் கருவிகளின் அருகே ஆள் இருக்க வேண்டும்; 1970களின் விதி. உழவுச் சால் பிடித்து நகரும் கருவிக்குக் கொஞ்சம் சலுகை: மணிக்கு 2 மைலைத் தாண்டாமல் போனால், ஆள் இறங்கி 10 அடிக்குள் நின்றுகொள்ளலாம். ஓட்டுநர் இல்லாமலும் ஓடும் டிராக்டரைச் செய்த மோனார்க் டிராக்டர் நிறுவனம், விதியைத் தளர்த்தக் கேட்டது; அதன் மனுவை, இந்த விதிகளை வகுக்கும் மாநில வாரியம் 2022-இல் நிராகரித்தது. பிரச்சினையே தன் விசையில் நகர்வதற்கும் தன்னைத் தானே ஓட்டிக்கொள்வதற்கும் நடுவில். இரண்டையும் 'தானியங்கி' என்றால் மிச்சம் என்ன? பணம் எடுக்கும் பெட்டியும் தானியங்கிதான்.

தன்னைத் தானே ஓட்டிக்கொள்வதை ஆங்கிலத்தில் 'ஆட்டோனமஸ்' என்கிறார்கள்; அதற்குத் 'தானியங்கி'க்கு மாற்றாக வருவது 'தன்னாட்சி டிராக்டர்'. கிரேக்கத்தில் ஆட்டோஸ் 'தான்', நோமோஸ் 'சட்டம்'. வேர் பார்த்தால் சரிதான். ஆனால் தமிழில் தன்னாட்சி கல்லூரிக்கு உண்டு, மாநிலத்துக்குக் கேட்கிறோம். டிராக்டர் யாரை ஆளப்போகிறது? அகராதியின் முதல் பொருளைப் பிய்த்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எழுதியதை ஒரு முறை வாய்விட்டுப் படித்தால்கூடத் தெரிந்துவிடும். 'ஓட்டுநரில்லா' பரவாயில்லை, புரிகிறது. ஆனால் சரிவில் பிரேக் பிடிக்காமல் உருளும் காலி வண்டியும் ஓட்டுநரில்லாததுதானே!

என் ஓட்டு தானோட்டிக்கு. ஏரோட்டி, தேரோட்டி வரிசையில் உட்காரும். "உழவு ஓட்டியாச்சா?" என்று மாடு கட்டிய காலத்தில் கேட்டதையே டிராக்டர் காலத்திலும் கேட்கிறோம். 'ஓட்டி' என்றால் ஆளைக் குறிக்குமே என்றார் நண்பர். குறிக்கட்டும். அந்த ஆளின் இருக்கையில் இயந்திரம் உட்கார்ந்ததால்தானே விதியை மாற்றச் சொல்கிறார்கள்.